முன்னாடியா, பின்னாடியா

தெருவில் எல்லோருக்கும் அவள் 'மாத்திரை அக்கா'. மருந்துக்கடையில் வேலை. சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென விழிப்பவர்களுக்கு நின்று நிதானமாக விளக்குவாள். அதையே வீட்டில் செல்போனில் பேசிப் பதிவுசெய்து, வாரந்தோறும் பாட்காஸ்டாக வெளியிட்டாள். கேட்பவர்கள் கொஞ்சம் பேர்தான், பெரும்பாலும் வயதானவர்கள்.

ஒருநாள் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் கடைக்குப் போன் செய்தார்.

"ஏம்மா, அந்த வயித்து மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னாடின்னு சொன்னியா, பின்னாடின்னு சொன்னியா? உன் பாட்காஸ்டைக் கேட்டா கிணத்துக்குள்ளேருந்து பேசற மாதிரி இருக்கு. நான் பின்னாடின்னு நினைச்சுப் போட்டுக்கிட்டிருக்கேன்."

அவள் கையிலிருந்த சீட்டைக் கீழே வைத்தாள்.

"முன்னாடிதான் ஐயா. எதுக்கும் உங்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க."

சாயங்காலம் தான் பேசியதைத் தானே கேட்டுப் பார்த்தாள். ஃபேன் சத்தம், ஃப்ரிட்ஜ் உறுமல், வெறும் சுவரில் மோதித் திரும்பும் குரல். அந்தப் பதிவை உடனே நீக்கினாள். பிறகு ஒவ்வோர் அறையாகப் போய்க் கைதட்டினாள்.

லிஃப்ட் மெக்கானிக்கான கணவன் எட்டிப் பார்த்தான். "என்ன, கொசு அடிக்கிறியா?"

"எதிரொலி எங்கே இல்லைன்னு பாக்கறேன்."

கூடத்தில் கணீரென்று திரும்பி வந்த சத்தம், படுக்கையறையில் மெத்தைக்கும் துணி அலமாரிக்கும் நடுவே அப்படியே அடங்கிப்போனது. அங்கேயே உட்கார்ந்தாள். அலமாரிக் கதவுகளைத் திறந்துவைத்தாள், முதுகுக்குப் பின்னால் போர்வையைத் தொங்கவிட்டாள். போனை வாய்க்குப் பக்கத்தில், மூச்சுக்காற்று நேராக மோதாதபடி சற்றுச் சாய்த்து வைத்தாள். ஃபேனையும் ஃப்ரிட்ஜையும் நிறுத்திவிட்டு, வேர்த்து விறுவிறுக்க அந்த மாத்திரையைப் பற்றி மறுபடி பேசி முடித்தாள்.

காலையில் பால் திரிந்திருந்தது. ஃப்ரிட்ஜைத் திரும்பப் போடவே மறந்திருந்தாள்.

"ஊருக்கு மருந்து சொல்லி வீட்டுக் காபியைக் கெடுத்துட்டியே! இனிமே ஸ்விட்ச் என் பொறுப்பு" என்றான் கணவன். சொன்னபடியே அடுத்த பதிவின்போது சமையலறையில் காவல் நின்றான். தும்மல் வந்தபோது துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினான்.

தபால்காரர் மறுபடி கூப்பிட்டார். "இப்போ பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி இருக்கும்மா. என் வீட்டுக்காரியும் கேக்கறா. ஆனா ஏன் இப்படிப் பறக்கறே?"

"ஃபேன் இல்லை ஐயா, புழுக்கம் தாங்கலை" என்று சிரித்தாள்.

அடுத்த வாரம் ஈரத்துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். அவசரப்படாமல், ஒவ்வொரு மருந்தின் பெயரையும் திருப்பித் திருப்பிச் சொன்னாள்.