மூன்று பெயர், ஒரே மாத்திரை

இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் கிடக்கும் தையல்காரரைப் பார்த்துக்கொள்ள வந்தவளுக்கு அந்த வீட்டில் 'மாத்திரைப் போலீஸ்' என்று பெயர். காலை மாத்திரையை மதியம் கொடுத்துவிட்டால் அவர் மகளை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். கண்ணாடி போட்டு அட்டையின் பின்புறத்தைப் படிக்காமல் எதையும் அவர் வாயில் போடமாட்டாள். தன் வாயில் போட்டுக்கொள்ளத்தான் அவளுக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை.

தையல்காரர் கனத்த ஆள். புரட்டிப் படுக்கவைக்க இரண்டு பேர் வேண்டும் என்பது பயிற்சியில் முதல் பாடம். புதிதாக வரும் பெண்களிடம் அதை நீட்டி முழக்குபவளே அவள்தான். தன்னை மட்டும் இரண்டு பேராக எண்ணிக்கொண்டு தனியாகப் புரட்டினாள். இடுப்பு பிடித்துக்கொண்டது. இடுப்பு போனால் பிழைப்பும் போச்சு. ஆகவே காலையில் இடுப்புக்கு ஒரு வகை மாத்திரை, மதியம் தலைவலிக்கு வேறொன்று, இரவில் சளிக்கும் உடம்பு வலிக்கும் இன்னொன்று; வலி விடாததால் ஒவ்வொன்றிலும் மும்மூன்று. எல்லாம் முன்பு வேலை பார்த்த வீடுகளில் மருந்து மாறியபோது மிஞ்சிய அட்டைகள். தூக்கிப் போட மனம் வரவில்லை. மாற்றி மாற்றிப் போட்டால் எதுவும் அதிகமாகாது என்று தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டாள்.

பசி போயிற்று. வயதாகிறது என்றாள். உடம்பெல்லாம் அரித்தது. சோப்பை மாற்றினாள்.

ஒருநாள் முகம் துடைக்கக் குனிந்தபோது தையல்காரர் உற்றுப் பார்த்தார்.

"கண்ணு மஞ்சளா இருக்கேம்மா."

"ஜன்னல் திரை மஞ்சள் ஐயா. அந்த வெளிச்சம்."

"அந்தத் திரையத் தெச்சதே நான்தான். அது நீலம்." தலைமாட்டிலிருந்த வெள்ளைத் துண்டை அவள் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்தார். "துணிக்கு நூல் ஒத்துப் பாத்தே காலத்த ஓட்டினவன்கிட்ட கதை விடாத."

மகள் கையோடு மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். இரத்தம் எடுத்தார்கள். என்னென்ன மாத்திரை என்று டாக்டர் கேட்க, இவள் தன் பையைக் கவிழ்த்தாள். அவர் அட்டைகளைத் திருப்பி வைத்தார்.

"பேருதான் வேற. மூணுலயும் பாராசிட்டமால். தினமும் அளவு மீறிப் போயிருக்கு. கல்லீரல் எவ்வளவுதான் தாங்கும்? என்ன வேலை பாக்குறீங்க?"

"நோயாளிங்களுக்கு வேளா வேளைக்கு மாத்திரை குடுக்கிறேன்."

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

சில நாள் அங்கேயே படுக்கவைத்தார்கள். கல்லீரல் தேறிவிடும், ஆனால் கேட்காமல் இனி ஒரு வலி மாத்திரையும் தொடக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

திரும்பி வந்த அன்று, பழக்கதோஷத்தில் தையல்காரரின் தோளுக்கடியில் கையைக் கொடுத்தவள் நின்றாள். மகளைக் கூப்பிட்டாள்.

"அந்தப் பக்கத்து விரிப்பப் பிடி."

"இத்தனை நாள் என்னைக் கூப்பிட்டதே இல்லையே அக்கா?"

"உன்னால முடியாதுன்னு நெனச்சேன்."

"உங்களால முடிஞ்சுதாக்கும்."

இருவரும் விரிப்பை இழுத்தார்கள். அவர் லேசாகப் புரண்டார். இடுப்பு சத்தமே போடவில்லை. தையல்காரர் வெள்ளைத் துண்டைத் தேடி எடுத்தார். அவளே குனிந்து கன்னத்தைக் காட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் சாயம் இருக்கு," என்றார். "அடுத்த வாரம் பாப்போம்."