கை நனைக்கும் முன்

என் மகளுக்கு மெட்ராஸில் ஒரு வரன் வந்தது. தொண்ணூறுகளின் நடுவில் இருக்கும். மாப்பிள்ளைக்குக் கம்பெனி வேலை. பூர்வீகம் சுந்தரபாண்டியம். பிழைக்கப் போய் அங்கேயே தங்கிவிட்ட குடும்பம். பையன் வந்து பெண் பார்த்துவிட்டுப் போனான். மகள் சரி என்றாள். இனி நானும் என் மனைவியும் போய் வீடு பார்க்க வேண்டும்.

எனக்கு ராஜபாளையத்தில் மில் வேலை. படிப்பு அஞ்சாப்பு. மனைவிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர். இரண்டு பேருமே அதுவரை மெட்ராஸ் போனதில்லை.

வீடு பார்க்கப் போனால் எங்கள் பக்கம் ஒரு முறை உண்டு. மனசுக்குப் பிடித்தால்தான் அந்த வீட்டில் சாப்பிட வேண்டும். கை நனைத்தால் சம்மதம் என்று கணக்கு. தண்ணீர் குடிக்கலாம். அதற்கு மேல் கூடாது. வன்னியம்பட்டியில் என் சித்தப்பா ஒருவர் உபசாரத்துக்காக ஒரு கரண்டி உப்புமா தின்றுவிட்டார். பிறகு பெண் தர முடியாது என்றார். அந்தச் சண்டை தீர வருஷக்கணக்கில் ஆனது.

எனக்கு இன்னொரு பயமும் இருந்தது. மாப்பிள்ளையின் அம்மாவுக்கு வாய் பொல்லாதது என்றும், முந்தி வந்த சம்பந்தம் ஒன்று அவளால்தான் கலைந்தது என்றும் ஒருத்தர் சொன்னார். என் மகள் எதிர்த்துப் பேசத் தெரியாதவள். போய்ப் பார்க்காமல் எதையும் முடிக்கக் கூடாது என்று இருந்தேன்.

மனைவிக்குச் சுகர். காலையில் மாத்திரை போட்டால் அரைமணி நேரத்தில் சாப்பிட்டாக வேண்டும். இல்லாவிட்டால் வேர்த்துக் கொட்டும், ஆள் தடுமாறிவிடும். வெள்ளிக்கிழமையில் கறி சமைக்கிற கடைக்குள் கால் வைக்க மாட்டாள். நாங்கள் போனதும் வெள்ளிக்கிழமை. மில்லில் கூட இருந்தவரிடம், அங்கே எங்கே சாப்பிடுவது என்று கேட்டேன்.

"மெட்ராஸ்ல ஓட்டலுக்கா பஞ்சம்? பஸ்ஸ விட்டு எறங்குனா ஓட்டல்லதான் கால வைக்கணும். போங்க அண்ணாச்சி."

பஸ் தாம்பரம் வந்ததும் மனைவி மாத்திரையைப் போட்டுவிட்டாள். தாம்பரம் வந்துவிட்டால் ஊர் வந்துவிட்டது என்று நினைத்தோம். ஊர் வரவில்லை. வண்டி நின்று நின்று போனது. பாரிமுனையில் இறங்கும்போது ஒன்பதைத் தாண்டிவிட்டது. பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் வீடு ஏற வேண்டும்.

எதிரே சைவ ஓட்டல் இருந்தது. பெரிய ஓட்டல். உள்ளே போய் ஒரு ஓரத்தில் உட்கார்ந்தோம். இலை போடுவார்கள் என்று காத்திருந்தோம். யாரும் வரவில்லை. வேஷ்டி சட்டையைப் பார்த்துவிட்டு மதிக்காமல் போகிறார்கள் என்று நினைத்தேன். கூப்பிட்டுக் கேட்கவும் ஒரு மாதிரியாக இருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் தட்டை வழித்துக்கொண்டே சொன்னார். "டோக்கன் வாங்கினீங்களா? துட்டு குடுத்து டோக்கன் வாங்குனாத்தான் சார் குடுப்பாங்க. இங்க உக்காந்தா ராத்திரி வரைக்கும் உக்கார வேண்டியதுதான்."

எங்கள் ஊரில் தின்றுவிட்டுத்தான் காசு. டோக்கன் வாங்கும் இடத்தில் வரிசை வாசல் வரைக்கும் நின்றது. மனைவி எழுந்துவிட்டாள்.

"நேரமாச்சுங்க. போவோம்."

"மாத்திர போட்டிருக்கியே."

"அதெல்லாம் தாங்குவேன். ராகுகாலத்துல போயி ஏறவா?"

வில்லிவாக்கம் பஸ்ஸில் நின்றுகொண்டு போனோம். அவள் நெற்றியில் வேர்வை. மாப்பிள்ளை வீட்டுக்கு என்று ஊரிலேயே வாங்கிய பழம் பையில் இருந்தது. ஒன்றை எடுத்துத் தின்னச் சொன்னேன்.

"தட்டுல வைக்க வாங்குனதுலயா? சும்மா வாங்க."

இறங்கிய தெருவில் பிரியாணிக் கடைதான் இருந்தது. அவள் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. வீட்டைக் கண்டுபிடித்து ஏறும்போது பத்தரைக்குக் கொஞ்சம்தான் பாக்கி.

இரண்டு அறை வீடு. சுத்தமாக இருந்தது. மாப்பிள்ளையின் அப்பா வாசலுக்கு வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். சிரித்த முகம். அந்த அம்மா சிரிக்கவில்லை.

"பலகாரம் ஆயிட்டு. எல போடவா?"

"இப்பத்தான் சாப்பிட்டு வாரோம்" என்றேன். எல்லோரும் சொல்வதுதான்.

"எங்கன சாப்பிட்டிய?"

"பாரிமுனையில."

அந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். மனைவி பூ, பழம், எங்கள் பக்கத்துப் பால்கோவா எல்லாம் தட்டில் வைத்து நீட்டினாள். தட்டு நடுங்கியது. ஒரு பழம் உருண்டு கீழே விழுந்தது.

"ஏன் கை இப்படி ஆடுது? சுகரா?"

"ஆமா மதினி."

"மாத்திர போட்டாச்சா?"

"போட்டாச்சு."

"சாப்பிடல."

மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். முகம் வெளுத்திருந்தது.

மாப்பிள்ளையின் அப்பா உள்ளே இருந்த மகனுக்குக் குரல் கொடுத்தார். "கேசரி இருக்குல்ல, கொண்டாந்து குடு. கை நனைச்சா சோலி முடிஞ்சிது. ராகுகாலத்துக்கு முன்னாலயே பேசி முடிச்ச மாதிரி ஆச்சு." சிரித்தார். விளையாட்டுக்குத்தான் சொன்னார்.

மனைவி என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தாள். சாப்பிடு என்று சொல்ல வேண்டும். மகள் ஞாபகம் வந்தது. வாய் வரவில்லை. அவள் கண் சொருகுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"நீங்க செத்த நேரம் சும்மா கெடங்க" என்று அந்த அம்மா புருஷனை அதட்டினார். பால்கோவாப் பொட்டலத்தின் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். ஒரு விள்ளல் கிள்ளி மனைவியின் வாய்க்குக் கொண்டுபோனார்.

"இது ஒங்க ஊரு சரக்கு. நீங்க கொண்டாந்தது. எங்க வீட்டுப் பொருள் ஒண்ணும் ஒங்க வாய்க்குள்ள போகல. தொறங்க வாய."

மனைவி தின்றாள். இன்னும் ஒரு விள்ளல். பிறகு தண்ணீர். அவள் முகம் தெளியும் வரை அந்த அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். தெளிந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"மாத்திரயக் குடுத்துப் பட்டினியாவா ஒரு பொம்பளயக் கூட்டிட்டு வாரது? சாப்பிட்டேன்னு பொய் வேற. ஒங்களையெல்லாம் ஆம்பளன்னு சட்ட போட்டுவிட்டதே தப்பு."

நான் தலை குனிந்துகொண்டேன். மாப்பிள்ளையின் அப்பாவும் குனிந்துகொண்டார். அவருக்குப் பழக்கம் போல.

"ஏலே, அவியள நல்ல ஓட்டலாப் பாத்துக் கூட்டிட்டுப் போ" என்று அந்த அம்மா மகனிடம் சொன்னார். "அவிய சாப்பிட்டு, யோசிச்சு, ஊருக்குப் போயிச் சொல்லட்டும். இங்கன இன்னும் ஒண்ணும் பேசி முடிக்கல."

பையன் கூட்டிப்போனான். சின்ன சைவ ஓட்டல். அவனே எங்களை உட்காரவைத்து இட்லி சொன்னான். தான் உட்காரவில்லை.

"நீங்களும் சாப்பிடுங்க தம்பி" என்றேன்.

"இல்ல மாமா. நான் இருந்தா நீங்க பேச முடியாது." வெளியே போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டான்.

மனைவி வேகமாகத் தின்றாள். இரண்டாவது இட்லி முடிந்த பிறகுதான் பேசினாள்.

"வாய் பொல்லாததுதான்."

"ஆமா."

"நம்ம புள்ளையத் திட்டும்."

"திட்டும்."

"பட்டினி போடாது."

நான் சாம்பாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் பார்த்து என்ன தெரியும்? நம் பெண்ணிடமும் அந்த அம்மா அப்படி இருப்பாரா? ஊருக்குப் போய் யோசிக்கலாம். யோசித்தாலும் இதற்கு மேல் என்ன தெரியப்போகிறது?

"எனக்குச் சம்மதம்" என்றாள் மனைவி. "நீங்க சொல்லுங்க."

"நானும் சரிதான்."

ஆனால் ராகுகாலம் நடந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு வரை அங்கேயே காப்பி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பையன் வெயிலில் நின்றான். உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

பன்னிரண்டு தாண்டியதும் திரும்ப அந்த வீட்டுக்குப் போனோம். அந்த அம்மா அடுப்படியில் இருந்து வந்தார்.

"எல போடுங்க" என்றேன்.

"இப்பத்தான் தின்னுட்டு வாரிய?"

"ஆமா."

"காலையில தின்னாமலே தின்னேன்னிய. இப்ப தின்னுட்டு வந்து எல போடச் சொல்லுதிய. நல்ல மனுசன் போங்க." அப்போதுதான் சிரித்தார். இலை போட்டார்.

வயிற்றில் இடமில்லை. சோறு, குழம்பு, ரசம், மோர் எல்லாம் வாங்கி, இலையில் ஒன்றும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். மனைவியும் அப்படியே.

சாயங்காலமே பஸ் ஏறிவிட்டோம். பஸ் செங்கல்பட்டு தாண்டியது.

"சரியாத்தான் செஞ்சோமா?" என்றாள்.

"சாப்பிட்டாச்சு" என்றேன்.