இடம் மாறி உட்கார்ந்த பயணம்

அவள் பள்ளிச் சீருடை தைப்பவள். ஒரு துணிக்கடையின் மாடியில், ஜன்னலோர மெஷின் அவளுடையது. காலர் பிசகினால் பிரித்துத் தைக்கலாம். வீட்டில் பிசகினால் என்ன செய்வது என்பதுதான் கல்யாணமான நாளிலிருந்து அவளை அரித்த கவலை. அச்சகத்தில் வேலை பார்க்கும் அவள் கணவரின் முதல் மனைவி இறந்துபோயிருந்தாள். அவள் விட்டுப்போன மகள் இருந்தாள். வீட்டில் கூப்பிடும் பெயர் சுண்டு. சுண்டு சண்டை போடமாட்டாள். "சரி சித்தி" என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டுவாள், கடைக்காரரிடம் மீதிச் சில்லறை வாங்குகிற மாதிரி.

பள்ளி விடுமுறையில் மூவரும் முதல்முறையாகச் சேர்ந்து பஸ்ஸில் மலைக்குக் கிளம்பினார்கள். அப்பாவுக்கும் மகளுக்கும் ஏற்கெனவே பழக்கங்கள் இருந்தன. சுரங்கப்பாதை வந்தால் மூச்சை அடக்குவார்கள், பாலம் வந்தால் கண்ணை மூடிக்கொள்வார்கள். அதற்குள் தான் நுழைந்தால் ஒட்டுப்போட்ட மாதிரி இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. புதிதாக ஒன்று வேண்டும்.

"பஸ் நிக்கிற இடத்துல எல்லாம் நாம இடம் மாறி உக்காரலாமா? முன்னாடி ரெண்டு பேர், பின்னாடி ஒருத்தர்."

"எதுக்கு சித்தி?"

"நம்ம வீட்டுப் பழக்கமா இருக்கட்டுமேன்னுதான்."

சுண்டு அப்பாவைப் பார்த்தாள். அவர் சிரித்தார். "செஞ்சுதான் பாப்போமே பாப்பா."

மலையடிவாரத்தில் பஸ் நின்றது. டீ குடித்துவிட்டு ஏறியபோது கூட்டம் நெருக்கியதில் அவளுக்குச் சில வரிசை தள்ளித்தான் இடம் கிடைத்தது. கணவரின் தலை தெரிந்தது. சுண்டு குள்ளம், சீட்டுக்கு மேலே எப்படியும் தெரியமாட்டாள். பஸ் புறப்பட்டது. கொஞ்ச தூரம் போனதும் பிஸ்கட் பொட்டலத்தோடு எழுந்துபோய் எட்டிப் பார்த்தாள். அவர் பக்கத்தில் பைதான் இருந்தது.

"பாப்பா எங்கங்க?"

"உன்கூட இல்லியா?"

"நிறுத்துங்க! புள்ளை கீழ நிக்குது!" என்று பஸ்ஸின் தகரத்தை ஓங்கி ஓங்கித் தட்டினாள். கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் நிற்பதற்குள்ளேயே குதித்து, வந்த வழியே ஓடினாள். ஒரு செருப்பு அறுந்து எங்கேயோ போயிற்று. சொந்தப் பிள்ளையாக இருந்தால் விட்டுவிட்டு வந்திருப்பாளா என்று ஊர் கேட்கும். அதை விடப் பயங்கரம், அவளே அதைக் கேட்டுக்கொண்டே ஓடினாள்.

டீக்கடையில் இல்லை. பெஞ்சில் இல்லை. கழிப்பறைக்குப் பின்னால் தண்ணீர் சத்தம் கேட்டது. குழாயடியில் சுண்டு குனிந்து பாவாடையைக் கசக்கிக்கொண்டிருந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"வாந்தி வந்துடுச்சு சித்தி."

"என்கிட்ட சொல்லக் கூடாதா கண்ணு?"

"சொன்னா அடுத்த தடவை என்னை விட்டுட்டு நீங்க ரெண்டு பேரும் மட்டும் போயிடுவீங்கன்னு..."

அவள் அப்படியே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டாள். இந்தக் குழந்தையும் தன்னைப் போலவே ஒதுக்கிவிடுவார்களோ என்று பயந்துகொண்டிருந்தது என்பது அவளுக்கு எட்டவே இல்லையே. தன் சால்வையை எடுத்துச் சுண்டுவின் இடுப்பில் சுற்றிவிட்டாள். மூச்சிரைக்க வந்த கணவர் இருவரையும் பார்த்ததும் கையிலிருந்த பையைக் கீழே வைத்தார்.

"இந்த இடம் மாத்துற விளையாட்டே வேணாங்க. என் தப்பு."

"விளையாட்டு இருக்கட்டும் சித்தி," என்றாள் சுண்டு. "பஸ் கெளம்புறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தரும் சத்தமா 'இருக்கேன்'னு சொல்லணும். அவ்ளோதான்."

அதற்குப் பிறகு எந்தப் பயணமானாலும் பஸ்ஸில் மூன்று குரல் கேட்கும். மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். கணவர் வெட்கப்பட்டு முணுமுணுத்தால் சுண்டு விடமாட்டாள், மறுபடி சொல்ல வைப்பாள்.

ஒரு வருடம் கணவருக்கு அச்சகத்தில் லீவு கிடைக்கவில்லை. பயணத்தை நிறுத்திவிடலாம் என்று அவள் சொல்வதற்குள் சுண்டு பையைக் கட்டிவிட்டாள். இருவரும் மட்டும் கிளம்பினார்கள். இருவரும் 'இருக்கேன்' சொல்லியாயிற்று. மூன்றாவது குரல் மட்டும் இல்லை. சுண்டு அவள் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். அவளுக்குத்தான் வழிநெடுக யாரையோ விட்டுவிட்டு வந்த மாதிரியே இருந்தது. தோள் மரத்துப்போயும் அசையாமல், ஒவ்வொரு நிறுத்தத்திலும் வாசலையே பார்த்துக்கொண்டு போனாள்.