ஓடுகிற இணைப்புக்குப் பெயர் மாற்றலாமா?

போன செவ்வாய்க்கிழமை காலை, கரம்பொனில் என் வீட்டுக் குசினி மேசையில் இருந்தபடி, நெடுந்தீவிலுள்ள ஒரு கம்ப்யூட்டருக்குள் ஒரு பெயரை மாற்றப் போனேன். ஒரே ஒரு பெயர். ஒரே ஒரு வரி.

"முடியாது, அது வேலையாக இருக்கிறது" என்றது கம்ப்யூட்டர்.

முதலில் விஷயத்தைச் சொல்கிறேன். நெடுந்தீவில் ஒரு சிறிய கிளினிக். அங்கே டொக்டர் எல்லா நாளும் இருக்க மாட்டார். யோகேஸ்வரி என்ற நர்ஸ் — ஊருக்கே அவர் 'மிஸ்ஸி' — நோயாளியைக் கமராவுக்கு முன்னால் இருத்தி, யாழ்ப்பாணத்திலுள்ள டொக்டருக்கு வீடியோவில் காட்டுவார். அந்தக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

அதற்கு இன்டர்நெட் இரண்டு வழியாக வருகிறது. ஒன்று, கடலுக்கு மேலால் அன்டெனா வழியாக. அதற்கு நான் வைத்த பெயர் 'கடல்'. மற்றது போன் சிம். அது 'சிம்'. 'கடல்' படுத்தால் உடனே 'சிம்'முக்கு மாற்றிவிட ஒரு சின்னக் காவல்கார புரோகிராம் எழுதி வைத்திருந்தேன்.

போன மாதம் உப்புக்காற்றில் கம்ப்யூட்டரின் நெட்வேர்க் கார்ட் துருப்பிடித்துவிட்டது. போய்ப் புதியது பூட்டினேன். புதியதுக்குப் பெயர் வைக்க மறந்து படகேறி வந்துவிட்டேன்! கம்ப்யூட்டர் தானாகவே ஏதோ ஒரு பெயரைக் கொடுத்து வேலையைத் தொடங்கிவிட்டது. பாவம் காவல்காரன்... 'கடல்' என்று ஒருவரும் இல்லாத இடத்தில் ஒரு மாதமாகச் சும்மா குந்தியிருக்கிறான்.

இதைச் செவ்வாய்க்கிழமைதான் கண்டேன். அன்றைக்கென்று பார்த்துச் தென்மேற்கிலிருந்து வீசும் சோழகக் காற்று வேறு பலக்கத் தொடங்கியிருந்தது. இணைப்பு எந்த நேரமும் விழலாம்.

ஓடுகிற இணைப்புக்குப் பெயர் மாற்ற அந்தக் கம்ப்யூட்டரின் கேர்னல் — எல்லாவற்றையும் அடியிலிருந்து ஆளும் பகுதி — விடாது. நிறுத்த வேண்டும், மாற்ற வேண்டும், திரும்ப ஓட விட வேண்டும். இரண்டு செக்கன் வேலை. ஆனால் நான் கரம்பொனிலிருந்து அங்கே போயிருப்பதும் அதே இணைப்பு வழியாகத்தான். ஒரு எழுத்துப் பிழைத்தால் இணைப்பு திரும்ப எழும்பாது, நானும் உள்ளே போக முடியாது. முன்பொருமுறை பிழைத்தது. குறிகாட்டுவான் இறங்குதுறைக்குப் போய், படகேறி, கடலில் ஒரு மணித்தியாலம் ஆடி, அந்த ஒரு எழுத்தைத் திருத்திவிட்டு வந்தேன்.

மிஸ்ஸிக்குப் போன் எடுத்தேன்.

"மிஸ்ஸி, இன்டர்நெட்டை ரெண்டு செக்கன் நிப்பாட்டட்டோ?"

"ஐயோ அண்ணை, ஏலாது! கடலுக்குப் போன அருளப்பு அண்ணைக்குத் திருக்கை மீன்ர முள்ளு குத்திக் கை வீங்கிப் போய்க் கிடக்கு. டொக்டர் இப்பதான் பாக்கத் தொடங்கினவர். இண்டையான் படகில யாழ்ப்பாணத்துக்கு ஏத்துறதோ இல்லையோ எண்டு அவர்தான் சொல்லோணும். காத்தைப் பாத்தா நாளைக்குப் படகு ஓடுமோ தெரியாது."

"நிப்பாட்டாமல் பேர் மாத்த விடுகுதில்லை மிஸ்ஸி."

"பேரோ? பேருக்கோ இவ்வளவும்?" அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "மாத்த விடாட்டி இன்னொரு பேரையும் சேத்து வையுங்கோவன். நான் யோகேஸ்வரி, வீட்டில பபி. ரெண்டுக்கும் திரும்பிப் பாக்கிறன்தானே?"

போனை வைத்துவிட்டார்.

நான் கீபோர்டைக் கிட்ட இழுத்தேன். ஏனென்றால் அந்த வசதி உண்மையிலேயே கேர்னலில் இருக்கிறது! ஒரு இணைப்புக்கு மேலதிகமாக இன்னொரு பெயர் கொடுக்கலாம். அது ஓடிக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை. எங்கேயோ வாசித்திருந்தேன். ஒருநாளும் பாவித்ததில்லை. 'மாற்ற வேண்டும்' என்று ஒரே பிடியாக நின்றதில் 'சேர்க்கலாம்' என்பது தலைக்குள் வரவேயில்லை.

ஒரு வரி அடித்தேன். இந்த முறை மறுப்பு இல்லை. காவல்காரன் 'கடல்' என்று கூப்பிட, புதிய கார்ட் பதில் சொன்னது.

கால்மணி நேரமும் ஆகியிருக்காது... 'கடல்' விழுந்தது. என் திரையும் உறைந்தது. பிறகு 'சிம்' எழும்பியது. கிளினிக்கில் டொக்டரின் முகம் வாய் திறந்தபடி கொஞ்ச நேரம் உறைந்து நின்று, பிறகு அசைந்ததாம். அசைந்ததும் அவர் சொன்னது: "இண்டைக்கே ஏத்துங்கோ. நாளைக்கு எண்டு வைக்காதேங்கோ."

ஏற்றினார்கள். அடுத்த இரண்டு நாளும் படகு ஓடவில்லை. அருளப்புவின் விரல்கள் ஐந்தும் பத்திரம். வீக்கம் வற்றுகிறது என்று மிஸ்ஸி சொன்னார்.

எனக்கோ வேறொரு அரிப்பு. கேர்னல் ஏன் அப்படித் தடுக்கிறது? தேடிப் பார்த்தால் ஒரு புதினமான செய்தி — புதிய கேர்னல்களில் அந்தத் தடையே இல்லை. எடுத்துவிட்டார்கள். ஓடுகிற இணைப்பின் பெயரை மாற்றினால் அதை நம்பியிருக்கும் புரோகிராம்கள் குழம்பும் என்ற பயம் இருந்திருக்கிறது. பிறகு யாரோ ஒருவர், 'உண்மையில் என்னதான் உடையும்?' என்று கேட்டிருக்கிறார். பெரிதாக ஒன்றும் அகப்படவில்லை போலும்.

நம்பலாமா? சனிக்கிழமை வீட்டு லப்டொப்பில் புதிய கேர்னலைப் போட்டேன். மனைவி அதில் சமையல் வீடியோ பார்த்துக்கொண்டிருக்க, பக்கத்திலிருந்து கையை நீட்டி ஓடுகிற இணைப்பின் பெயரை மாற்றினேன்.

"உமக்கு ஏதும் வித்தியாசம் தெரிஞ்சதோ?"

"ஓம். உங்கட கை மறைக்குது."

வீடியோ ஒரு கணமும் நிற்கவில்லை. 'ஏலாது' என்று நாம் ஒதுங்கிப் போகிற எத்தனை இடங்களில், ஏன் ஏலாது என்று கடைசியாக எப்போது கேட்டுப் பார்த்தோம்?

நெடுந்தீவுக் கம்ப்யூட்டருக்கும் புதிய கேர்னல் போடப் போகிறேன். கரம்பொனிலிருந்தே போடலாம்தான்... ஆனாலும் ஒரு எழுத்துப் பிழைத்தால்? படகில் போய்த்தான் போடுவேன்!