இறக்கை முனையில் நின்றவள்

விமான நிலையத்தில் இறக்கை முனையோடு நடப்பதுதான் என் வேலை. விமானத்தைப் பின்னால் தள்ளும் வண்டியை ஓட்டுபவருக்கு இறக்கையின் நுனி சரியாகத் தெரியாது. அதனால் இரண்டு ஆரஞ்சுக் கோல்களோடு நான் கூடவே நடப்பேன். வழி இருந்தால் ஒரு கோலை உயர்த்துவேன். இல்லாவிட்டால் இரண்டையும் தலைக்கு மேல் குறுக்கே பிடிப்பேன். அதைப் பார்த்தால் வண்டி நின்றாக வேண்டும்.

அன்று உச்சி வெயில். நாங்கள் தள்ளிக்கொண்டிருந்த விமானத்துக்குப் பின்னால், இன்னொன்று தன் இடத்துக்குள் முழுதாக நுழையாமல் பாதியில் நின்றுவிட்டது. அதன் வால் எங்கள் பாதையை ஒட்டி நீட்டிக்கொண்டிருந்தது. கோல்களைக் குறுக்கே பிடித்தேன். வண்டி நின்றது.

வாக்கி டாக்கியில் மேற்பார்வையாளர் கத்தினார். "தாராளமா இடம் இருக்குதே, எதுக்கு நிறுத்துறே? தள்ளச் சொல்லு."

நான் கையை இறக்கவில்லை. தோள் வலித்தது. அந்த விமானம் உள்ளே போய்ச் சேர்ந்த பிறகுதான் இறக்கினேன். அதற்குள் எங்கள் விமானம் இருபது நிமிடம் தாமதம்.

மாலையில் கையெழுத்துப் போடச் சொல்லி ஒரு தாளை நீட்டினார்கள். கவனக்குறைவால் தவறாக நிறுத்திவிட்டேன் என்று அதில் தட்டச்சு செய்திருந்தது. நாளை தருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திருத்தணிக்கு ரயில் ஏறி, அங்கிருந்து பஸ்ஸில் ஊருக்குப் போனேன்.

பொதட்டூர்பேட்டையில் விசைத்தறி ஓட்டும் அப்பா, என் நைனா, அப்போதுதான் வீடு திரும்பியிருந்தார். நடந்ததைச் சொன்னேன். "ஒரு கையெழுத்துதானேம்மா. போட்டுட்டு வேலையைப் பாரு," என்றார்.

"போட்டா நானே ஒத்துகினதா ஆயிடும் நைனா."

"நெஜமாவே இடம் இல்லையா?"

"தெரியலை. தெரியலைன்னாலே நிறுத்தணும். அதுக்குத்தான் என்னை நிக்க வெச்சிருக்காங்க."



மறுநாள் வெள்ளைத் தாளில் நானே எழுதினேன்: 'இடம் போதுமா என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. அதனால் நிறுத்தினேன். இதே நிலைமை வந்தால் நாளையும் நிறுத்துவேன்.' வண்டி ஓட்டிய அரக்கோணத்து பாய் அதை வாங்கிப் படித்தார். "என் சீட்லேர்ந்து அந்த வாலே தெரியலைம்மா," என்று சொல்லி, என் பெயருக்குக் கீழே தானும் கையெழுத்துப் போட்டார்.

என்னைப் பெட்டி ஏற்றும் இடத்துக்கு மாற்றினார்கள். மூன்று வாரம் பெட்டி தூக்கினேன். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. இறக்கைக்கு ஆள் போதாமல் போனதும் மறுபடி கூப்பிட்டார்கள்.

"இனிமேலாவது பாத்து நிறுத்து," என்று கோல்களை நீட்டினார் மேற்பார்வையாளர்.

"பாத்துதான் சார் நிறுத்தினேன்," என்று சொல்லி வாங்கிக்கொண்டேன்.