தேநீர் மேசையில் கேட்ட கேள்வி

என் எழுத்து கோணல், பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

ஒரு வெள்ளை விரிப்பின் இரண்டு முனைகள் என்னோடு வேலை செய்தவர் கையில், இரண்டு என் கையில். இல்ஃபோர்டில் ஹோட்டல் விரிப்புகள் தோய்க்கும் இடத்தில் ஒன்பது வருஷம் அப்படி எதிரெதிரே நின்று மடித்தோம். மதியச் சாப்பாடும் சேர்ந்துதான். எனக்கு இங்கிலீஷ் குறைவு, கூச்சம் கூட. அவர் வெள்ளைக்காரர், என்னிலும் மூத்தவர். ஊர், குடும்பம் என்று ஒருநாளும் என்னைக் கேட்டதில்லை. எங்கள் ஆட்கள் முதலில் கேட்பதே அதுதான். "ஊரிலை எவடம்? ஆற்றை மோன்?" சாதி தெரியும்வரை விடமாட்டார்கள். தெரிந்தபின் சிலர் என் வீட்டில் தண்ணீரும் குடிப்பதில்லை. அதனால் அவரோடு இருப்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

வருஷத்தில் ஒருநாள் அவர் லீவு எடுப்பார். அன்று நோன்பு என்று மட்டும் சொல்லியிருந்தார். நான் மேலே கேட்கவில்லை.

ஒருநாள் தேநீர் நேரம், எங்கள் ஊர் அண்ணை ஒருவர் என் முதுகில் தட்டினார்.

"எடேய், உவர் யூத ஆளாம். நீதானே உவரின்ரை கூட்டாளி, கேளன்!"

"எனக்கேன் அண்ணை?"

"பயந்தாங்கொள்ளி!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் கேட்டுவிட்டேன், அத்தனை பேர் முன்னால், "நீங்கள் யூதரா?" என்று.

அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு, "ஓம்" என்றார். உடனே மேசையின் மறுபக்கத்திலிருந்து ஒருவன், "அப்ப அங்கை, உங்கடை யூத நாட்டிலை நடக்கிற சண்டைக்கு என்ன சொல்லுறீர்?" என்றான்.

"நான் பிறந்தது இங்கே, பக்கத்து ஃபாரஸ்ட் கேட்டில்," என்றார் அவர். அதன்பின் நாள்தோறும் யாராவது அவரிடம் அந்தச் சண்டைக்குக் கணக்குக் கேட்டார்கள். அவர் தன் காருக்குள் இருந்து சாப்பிடத் தொடங்கினார்.

காரடிக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். கண்ணாடியைப் பாதி இறக்கினார்.

"மடிக்கும்போது கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன். ஒன்பது வருஷம் இருந்ததே," என்றார். மாத முடிவில் வேலையை விட்டுப் போய்விட்டார். விலாசம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

தெரியாமல் கேட்டேன் என்று மனைவியிடம் சொன்னேன். பொய். அந்த மாதிரிக் கேள்வி ஒரு மனிதனை என்ன செய்யும் என்று அந்த மேசையில் என்னைவிட நன்றாக அறிந்தவன் இல்லை. அன்று அவர்கள் கேட்கச் சொன்னது என்னைப் பற்றி அல்ல. அந்தச் சந்தோஷத்தில்தான் கேட்டேன்.

எழுதியது: மனோர் பார்க், ஐப்பசி மாதம், இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை.