குளிரக்காவின் காது

அந்த ஆய்வுக்கூடத்தில் பதினெட்டு வருடமாகக் கண்ணாடிக் குழாய்களைக் கட்டி மேய்ப்பவளை எல்லோரும் குளிரக்கா என்றே கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது.

காய்ச்சி வடிக்கும்போது தப்பி வரும் ஆவியைப் பிடிக்க ஒரு கண்ணாடிக் குடுவை உண்டு. அதைத் திரவ நைட்ரஜனில் முக்கி வைப்பார்கள். பூஜ்யத்துக்குக் கீழே நூற்றுத் தொண்ணூற்றாறு டிகிரி, விளையாட்டுக் காரியமா? அதனால் குழாய்களிலிருந்து காற்றை உறிஞ்சும் பம்ப்பைப் போட்டதும் அக்கா காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள். கடகடவென்று உருட்டினால் எங்கோ காற்று புகுகிறது என்று அர்த்தம். சத்தம் டிக் டிக்கென்று அடங்கிய பிறகுதான் நைட்ரஜனை ஊற்றுவாள்.

"மீட்டர் இருக்கும்போது காது எதுக்கும்மா?" என்று பேராசிரியர் கிண்டல் செய்வார்.

"மீட்டர் ரிப்பேராகும் சார். என் காதுக்கு வீட்டுல தினமும் பயிற்சி நடக்குது, மாமியார் புண்ணியத்துல."

அன்று சாப்பிட்டுத் திரும்பியவளுக்கு வராந்தாவிலேயே கடகட சத்தம் கேட்டது. ஓடினாள். அவசரக்காரப் பேராசிரியர் அதற்குள் நைட்ரஜனை ஊற்றியிருந்தார். குடுவைக்குள் வெளிர் நீலமாக ஏதோ தேங்கி நின்றது. புகுந்த காற்றின் ஆக்சிஜன் குளிர்ந்து திரவமாகிவிட்டது. குடுவையின் அடியில் ஏற்கெனவே உறைந்து கிடக்கும் கரைப்பானோடு அது சேர்ந்தால் வெடிமருந்துதான்.

அவர் நைட்ரஜன் பாத்திரத்தை இறக்கிக் குடுவையைக் கழற்றக் கை நீட்டினார். அக்கா அந்தக் கையைப் பிடித்துவிட்டாள்.

"தொடாதீங்க. சட்டுனு சூடேறினா வெடிச்சிடும். குளிர் அப்படியே இருக்கட்டும், பம்ப் ஓடட்டும். வெளியே வாங்க."

"என் ஆறு மாச உழைப்பு அதுக்குள்ளதான் இருக்கு! நைட்ரஜன் தீர்ந்து சூடேறினா அதையும் பம்ப் உறிஞ்சிடும்!"

"உறிஞ்சட்டும். உங்க கைக்கு இன்னொரு ஜோடி ஸ்டோர்ல இல்ல சார்."

தடுப்புக் கண்ணாடியை இறக்கி, மாடியையே காலி செய்ய வைத்தாள். நைட்ரஜன் மெல்ல ஆவியாகி, நீலம் முழுக்கப் போகும்வரை யாரையும் உள்ளே விடவில்லை. பேராசிரியர் படிக்கட்டில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். அவளுக்கு அவர்மேல் கோபமும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. சாயங்காலம் திறந்தபோது குடுவை துடைத்து வைத்ததுபோல் காலி.

மறுநாள் காலை அவள் வருவதற்குள் புதிதாக எல்லாம் பொருத்தியிருந்தது. பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. பேராசிரியர் நைட்ரஜன் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அடங்கிடுச்சாம்மா?"

அவளும் காதைக் கொடுத்துப் பார்த்தாள். "இன்னும் இல்ல சார்."

அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.